இரத்தம் சிந்தாத ஆயுதமாம்!

புதிய ஆயுதம் ஒன்றைச் செய்து முடித்தவர்கள் அதற்கொரு நல்ல பெயரைத் தேடிக்கொள்வது என்றுமுள்ள வழக்கம். நம் காலத்துப் படைத்தலைவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் கணிப்பொறி அறிஞர்களும் தேடிக்கொண்ட பெயர் ‘இரத்தம் சிந்தாத ஆயுதம்’ என்பது. பகைவனின் தொழிற்சாலைக்குள் குண்டை வீசாமல், அங்குள்ள பொறிகளை இயக்கும் கணிப்பொறிகளுக்குள் ஒரு நச்சுநிரலைப் புகுத்திவிட்டால் போதும். பொறிகள் தாமே கெடும், மனிதர் எவரும் சாகார், போரும் மூளாது என்பது அவர்களுடைய வாதம். படித்தவர்கள் பலரும் இதை ஒப்பிக்கிறார்கள். குண்டைவிட இது மேலல்லவா என்று நம் வீட்டு இளைஞர்களும் கேட்கிறார்கள்.

மேல் அன்று என்பதே நம் கட்சி. அதைச் சொல்லுமுன், இந்த ஆயுதம் எதைத் தாக்குகிறது என்பதை விளக்கிவிட வேண்டும். கணிப்பொறித் திருட்டு என்றவுடன் வங்கிக் கணக்கில் பணம் களவுபோவதையும், எவருடைய கடிதத்தையோ எவரோ படித்துவிடுவதையுமே நாம் நினைக்கிறோம். இது அதுவன்று.

ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் வால்வைத் திறப்பதும் மூடுவதும் ஒரு காலத்தில் மனிதனின் கை செய்த வேலை. கொதிகலனின் அழுத்தமானியை ஒருவர் கண்ணால் பார்த்து, ஓடிச்சென்று சக்கரத்தைத் திருப்புவார். இன்று அவ்வேலையைப் பி.எல்.சி. என்று பொறியாளர் அழைக்கும் ஒரு சிறு பெட்டி செய்கிறது. வெப்பம் இத்தனை பாகை ஏறினால் இந்த வால்வை மூடு, தண்ணீர் இத்தனை அடி இறங்கினால் அந்த மோட்டாரை ஓட்டு என்று அதற்குள் எழுதிவைத்திருப்பார்கள். குடிநீர் ஏற்று நிலையமாயினும், மின்சாரத் துணைநிலையமாயினும், இரும்பு உருக்காலையாயினும் உள்ளே இருந்து ஆட்சி செய்வது இந்தப் பெட்டிதான். இதற்கு ஒரு குணம் உண்டு. கட்டளை வந்தால் நிறைவேற்றும். கட்டளையிட்டவர் யார் என்று கேளாது. இப்பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளில் மோட்பஸ் என்பது மிகவும் புகழ்பெற்றது. அது வெளிவந்த ஆண்டு 1979. பேசுகிறவரின் அடையாளத்தைக் கேட்டறியும் ஏற்பாடு அதில் இல்லை. ஆலையின் மதிலுக்குள் இருப்பவரைத் தவிர வேறு எவர் பேசப்போகிறார் என்று அன்றைய பொறியாளர்கள் எண்ணினார்கள். அந்நாளில் அது குற்றமன்று. இன்றும் அதே மொழி உலகமெங்கும் ஆலைகளில் பேசப்படுகிறது என்பதுதான் நம்மை அச்சுறுத்துவது.

வெறும் நிரல் இரும்பை உடைக்குமா என்று ஐயுறுவோர்க்கு 2007 மார்ச் மாதத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வுக்கூடத்தில் 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைச் சோதனைக்கென்று நிறுத்தி, அதன் இணைப்புத் துண்டிப்பானைத் தவறான கணங்களில் மூடித் திறக்குமாறு தொலைவிலிருந்து கட்டளையிட்டார்கள். அந்தப் பெரும் பொறி குலுங்கிற்று, புகை கக்கிற்று, பாழாயிற்று. தன் நாட்டு மின்நிலையங்களுக்கு வரக்கூடிய ஆபத்தை அறிவதற்காக இச்சோதனையை நடத்தியதாக அந்த அரசு சொன்னது. அதே ஆண்டுகளில் அந்த அறிவு வேறு எங்கே பயன்படத் தொடங்கியது என்பதை உலகம் பிறகு தெரிந்துகொண்டது.

ஈரானின் இஸ்ஃபஹான் மாநிலத்தில் நதன்ஸ் என்னுமிடத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை உண்டு. மையவிலக்குப் பொறிகள் என்னும் உயரமான குழல்கள் 164 கொண்ட அணிகளாக அங்கே நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றைச் சுழற்றும் மின்னோட்டத்தின் அதிர்வெண் 1064 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கவேண்டும். இந்த ஆலை வெளியுலகக் கணிப்பொறி வலையோடு இணைக்கப்படாதது. ஆகவே பாதுகாப்பானது என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் பென் டிரைவுக்கு மதில் ஏது? ஸ்டக்ஸ்நெட் என்று பிற்பாடு பெயர் பெற்ற நச்சுநிரல் அதன் வழியாக உள்ளே சென்றது. சென்ற இடமெல்லாம் அது கைவைக்கவில்லை. சீமன்ஸ் நிறுவனத்தின் குறிப்பிட்ட வகைப் பெட்டியா, அதனோடு இணைந்திருப்பவை பின்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றும் ஈரானிய நிறுவனம் ஒன்றும் செய்த அதிர்வெண் மாற்றிகளா, அவை 807 முதல் 1210 ஹெர்ட்ஸ் வரையில் ஓடுகின்றனவா என்று பார்த்தது. எல்லாம் பொருந்திய பின்னரும் பல நாட்கள் வாளாவிருந்தது. பிறகு வேகத்தை 1410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியது. இன்னொரு நாள் 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கியது. மீண்டும் 1064க்குக் கொண்டுவந்து ஒன்றும் நடவாததுபோல் அமர்ந்துகொண்டது. 2009 இறுதியிலும் 2010 தொடக்கத்திலும் ஏறத்தாழ 1000 பொறிகள் கழற்றி மாற்றப்பட்டன என்பது வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களின் கணக்கு.

இதில் பொறிகள் உடைந்ததைவிட நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்த நச்சுநிரலின் முந்திய வடிவம் வால்வுகளை மூடிப் பொறிகளுக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதற்கென்று எழுதப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த ரால்ஃப் லாங்னர் அதைப் பிரித்துப் பார்த்துச் சொன்ன செய்தி இது: தாக்குமுன் அந்நிரல், ஆலை நலமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கருவிகள் காட்டும் அளவுகளை 21 விநாடிகளுக்குப் பதிவு செய்துகொள்ளும். பிறகு வால்வுகளை மூடிவிட்டு, பதிவு செய்த பழைய அளவுகளையே காவலிருப்பவரின் திரையில் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பொறி திணறும்; திரையோ எல்லாம் நலம் என்று சாட்சி சொல்லும். காவற்காரனைக் கொல்லவில்லை, ஐயா. அவனுடைய கண்ணுக்கே பொய்யைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு தொழிலாளி தன் கருவியை நம்பித்தான் ஆலைக்குள் நடக்கிறான். அந்த நம்பிக்கையை அழிப்பதை இரத்தம் சிந்தாத செயல் என்று நாம் எண்ணுவதற்கில்லை. இரத்தம் எப்போது சிந்தும் என்பதை அது ஒத்திவைக்கிறது; அவ்வளவே.

இந்த நிரலை 2010 ஜூனில் முதலில் கண்டெடுத்தவர்கள் பெலாரூஸ் நாட்டின் ஒரு சிறு நிறுவனத்தார். இதைச் செய்தவர் யார் என்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் டேவிட் சாங்கர் 2012 ஜூன் முதல் தேதி விரிவாக எழுதினார். அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தன, புஷ் ஆட்சியில் தொடங்கி ஒபாமா ஆட்சியில் விரைவுபடுத்தப்பட்டது, ‘ஒலிம்பிக் கேம்ஸ்’ என்பது அதன் மறைபெயர் என்று அதில் கண்டது. இரு அரசுகளும் இன்றுவரை வாய்திறந்து ஒப்புக்கொண்டதில்லை. செய்ததை ஒப்புக்கொள்ளாத உரிமைதான் இந்த ஆயுதத்தின் பெரும் கவர்ச்சி என்று நமக்குத் தோன்றுகிறது. குண்டு வீசிய விமானத்துக்குக் கொடி உண்டு. இதற்குக் கொடி இல்லை.

இனி, இந்த ஆயுதத்தை மெச்சுகிறவர்களிடம் நாம் கேட்கவேண்டிய கணக்குகள் சில உண்டு.

மனித உயிர் தப்பியது என்கிறார்கள். 2010 நவம்பர் 29 அன்று ஈரானிய அதிபர் அஹ்மதி நிஜாத், தம் நாட்டின் மையவிலக்குப் பொறிகள் சிலவற்றுக்குக் கணிப்பொறி நிரலால் இடையூறு நேர்ந்ததை முதன்முறையாக ஒப்புக்கொண்டார். அதே நாளில் டெஹ்ரான் வீதியில் அணுவியல் பேராசிரியர் மஜீத் ஷஹ்ரியாரி குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். கொன்றவரையும் நிரல் எழுதியவரையும் இணைக்கும் சான்று நம்மிடம் இல்லை, இணைக்கவும் மாட்டோம். ஆனால் நச்சுநிரல் வந்ததால் கொலை ஓய்ந்தது என்று சொல்வோர் அந்த நாளைக் காலண்டரில் எங்கே மறைப்பார்கள்?

குறி தவறாதது என்கிறார்கள். 2010 செப்டம்பருக்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் கணிப்பொறிகளில் அது குடியேறியிருந்தது. பாதிக்கு மேல் ஈரானில், அடுத்தபடி இந்தோனேசியாவில், அதற்கடுத்து நம் இந்தியாவில். அவற்றில் அது தீங்கு செய்யவில்லை என்பது உண்மையே. அழைக்காமல் வந்து படுக்கையறையில் நின்றவன், நான் உங்களை ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்வதும் உண்மைதான். போதாக்குறைக்கு, கணிப்பொறிகள் தன்னை நம்பவேண்டுமென்பதற்காக அந்நிரல் தைவானிய நிறுவனங்கள் இரண்டின் திருடப்பட்ட மின்முத்திரைகளைக் காட்டிக்கொண்டு வந்தது. அந்நிறுவனங்களுக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம்?

வேலை முடிந்தது என்கிறார்கள். இதுதான் நகைப்புக்கிடமான வாதம். கெட்டுப்போன பொறிகளுக்குப் பதில் ஈரான் புதியன நிறுத்தியது, மேலும் நிறுத்தியது. 2013 வாக்கில் அந்நாட்டில் நிறுவப்பட்டிருந்த மையவிலக்குப் பொறிகள் ஏறத்தாழ 19,000. அவற்றை 6,104 ஆகக் குறைக்க ஈரான் இசைந்தது 2015 ஜூலையில் வியன்னா நகரில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியபோது. கள்ளத்தனம் ஓராயிரத்தைக் கெடுத்தது. பேச்சு பன்னீராயிரத்துக்கு மேல் நிறுத்தியது. அந்த உடன்படிக்கையை 2018 மே மாதம் அமெரிக்கா உதறிவிட்டு வெளியேறியது. நச்சுநிரல் இருப்பதால் குண்டு தேவைப்படாது என்று சொன்னவர்களின் கண்முன்னே, 2025 ஜூனில் இஸ்ரேலிய விமானங்களும் பின்னர் அமெரிக்க விமானங்களும் அதே நதன்ஸின்மீது குண்டு பொழிந்தன. பன்னிரண்டு நாட்கள் நீடித்த அப்போரில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்றார்களே. ஒன்றுக்குப் பின் மற்றொன்றல்லவா வந்தது?

இவ்வளவும் சொல்லும்போது நம் வாசகருள் சிலர் மகிழ்ந்து தலையசைப்பதை நாம் அறிவோம். அவர்களிடமும் நமக்கு ஒரு சொல் உண்டு. அமெரிக்காவையும் இஸ்ரேலையும் ஏசினால் நம் வீடுகளில் கேட்க ஆள் உண்டு. மற்றவர் செய்ததைப் பேசினால் மட்டும் முகம் சுளிக்கிறது. 2012 ஆகஸ்ட் 15 அன்று, ரமளானின் கடைசிப் பத்தில், லைலத்துல் கத்ரை நாடி மக்கள் வேலையை விட்டு வீட்டிலும் பள்ளியிலும் இருந்த நேரம் பார்த்து, சவூதி அராம்கோ நிறுவனத்தின் ஏறத்தாழ 30,000 கணிப்பொறிகளை ஒரு நச்சுநிரல் துடைத்தழித்தது. எண்ணெய் எடுக்கும் பொறிகள் தனி வலையில் இருந்தமையால் அவை தப்பின. அதே மாத இறுதியில் கத்தார் நாட்டு எரிவாயு நிறுவனமான ராஸ்காஸும் தாக்குண்டது. அமெரிக்க அதிகாரிகள் ஈரானைச் சுட்டினார்கள், ஈரான் மறுத்தது. யார் செய்திருந்தாலும், வணக்கத்துக்குரிய இரவைத் தாக்குதலுக்கு வாய்ப்பாகக் கணக்கிட்டவர்களைப்பற்றி நம் மேடைகளில் எத்தனை பேர் பேசினார்கள்? ஷியா என்றும் ஸுன்னி என்றும் பிரித்து, எதிர்த்தரப்பு ஆலை எரிந்தால் உள்ளூரச் சிரிப்பவர்கள் நம்மிடையே இல்லையா? ஆலைக்குள் இருப்பவன் எந்தப் பிரிவினன் என்று எரிவாயு கேட்பதில்லை.

எரிவாயு என்றோம். ராபிக் நகரத்தின் கதையை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதன்று. செங்கடல் கரையில் உள்ள ஊர். ஷாம், மிஸ்ர் திசைகளிலிருந்து வருவோரின் மீக்காத்தாகிய ஜுஹ்ஃபா அதன் அருகில்தான் இருக்கிறது. இன்று அவ்வழி வருவோர் பலர் ராபிக்கிலேயே இஹ்ராம் கட்டுகிறார்கள். அங்கே பெரியதொரு பெட்ரோலிய வேதியாலை உண்டு. 2017 ஜூனில் ஒரு நாள் அதன் ஒரு பகுதி தானே நின்றது. காரணம் சரிவரத் தெரியாமலே மீண்டும் ஓட்டினார்கள். ஆகஸ்ட் 4 அன்று மறுபடி நின்றது. இம்முறை துருவிப் பார்த்தபோதுதான், ஆலையின் பாதுகாப்புப் பெட்டிகளுக்குள் அந்நியர் எழுதிய நிரல் இருப்பது கண்டார்கள். டிரைட்டன் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

பாதுகாப்புப் பெட்டி என்பது ஆலையை ஓட்டும் பெட்டியன்று. அதற்கும் மேலே அமர்ந்திருக்கும் காவல். அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறி, மற்ற ஏற்பாடெல்லாம் தோற்றுவிட்டால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஆலையை நிறுத்திவிடுவதே அதன் ஒரே வேலை. உற்பத்தி அதனால் ஒரு பீப்பாய்கூடக் கூடாது. உள்ளே இருக்கும் மனிதர்கள் மாலையில் உயிரோடு வீடு திரும்புவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நச்சுவாயு புழங்கும் ஓர் ஆலையில் அந்தக் காவலைக் கைப்பற்ற முனைந்தவர்களின் கருத்து யாதாக இருக்க முடியும்? பகைவனின் படையைக் கெடுப்பதன்று. பணம் பறிப்பதுமன்று. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வளைகுடாவுக்கும் சவூதிக்கும் போய் இத்தகைய ஆலைகளின் வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். பாகிஸ்தானியர், பிலிப்பைன்ஸ் நாட்டவர், எகிப்தியர் அவர்களுடைய தோழர்கள். அவர்களுக்கு எந்த அரசோடு பகை?

அன்று ராபிக்கில் எவரும் சாகவில்லை. அதற்குக் காரணம் தாக்கியவரின் கருணையன்று, அவர் நிரலில் இருந்த பிழை. அந்தப் பிழையால்தான் பாதுகாப்புப் பெட்டிகள் ஐயுற்று ஆலையை நிறுத்தின. மாஸ்கோவிலுள்ள ரஷ்ய அரசின் வேதியியல் மற்றும் இயந்திரவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று இதன் பின்னே இருந்ததென்று சொல்லி அமெரிக்கக் கருவூலத்துறை 2020 அக்டோபரில் அதன்மீது தடை விதித்தது; 2022 மார்ச்சில் அந்நிறுவன ஊழியர் ஒருவர்மீதான குற்றச்சாட்டும் வெளியிடப்பட்டது. கள்வனைக் கள்வன் காட்டிக்கொடுத்தால் களவு இல்லையென்று ஆகிவிடாது. ஆகவே இந்தக் குற்றச்சாட்டை நாம் தள்ளவில்லை. ஆனால் பிறருடைய ஆலைக்குள் நிரல் அனுப்பும் வழியை உலகுக்குத் திறந்து காட்டியவர் யார் என்பதையும் மறக்கவில்லை.

உக்ரைனில் நடந்தவை பத்திரிகைகளில் நிறைய வந்திருப்பதால் சுருக்கிச் சொல்கிறோம். 2015 டிசம்பர் 23 அன்று மின்பகிர்மான நிலையத்தின் ஊழியர் கண்முன்னே திரையில் சுட்டி தானாக நகர்ந்தது. துணைநிலையங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மூன்று நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள் நடுக்குளிரில் இருண்டன. ஊழியர்கள் நேரே போய்க் கையால் இணைப்பு கொடுக்கவேண்டியதாயிற்று. கை என்று ஒன்று இன்னும் அங்கே வேலை செய்ததால் சில மணி நேரத்தில் ஒளி வந்தது. அடுத்த ஆண்டு தலைநகர் கீவில் ஒரு மணி நேரம். 2024 ஜனவரியில் லிவிவ் நகரத்தில் 600க்கு மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டிடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் வெப்பம் போகாமல் செய்தார்கள். வெளியே உறைபனி. தாக்குதலுக்குப் பயன்பட்ட மொழி, நாம் முன்னே சொன்ன அந்த 1979ஆம் ஆண்டு மோட்பஸ். தொட்டிலில் குழந்தையோடு அந்த இரண்டு இரவுகளைக் கழித்த தாய்க்கு, குண்டு விழாததுபற்றி நன்றி சொல்லத் தோன்றியிருக்குமா?

ஈரானிய மக்களும் இதைத் தொடர்ந்து சுமந்திருக்கிறார்கள். 2021 அக்டோபரில் நாடெங்கும் பெட்ரோல் நிலையங்களின் கணிப்பொறிகள் முடங்க, வாகனங்கள் தெருத்தெருவாய் வரிசையில் நின்றன. 2023 டிசம்பரில் மறுபடியும். 2022 ஜூனில் குஸெஸ்தான் மாநிலத்து எஃகாலை ஒன்றில் உருகிய இரும்பு சிந்தித் தீப்பற்றும் காட்சியைத் தாக்கிய கூட்டத்தாரே வெளியிட்டு, அப்பாவிகளுக்குத் தீங்கு வராதபடி நேரம் பார்த்துச் செய்தோம் என்று பெருமையும் பேசினார்கள். நெருப்புக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் இந்தப் புதிய சோதிடர்களை நாம் எப்படி நம்புவது! கொள்ளிக்கட்டையால் தலை சொறிந்துவிட்டு முடி கருகவில்லை பாருங்கள் என்பதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

அதற்கு ஈரானியத் தரப்பின் விடை என்ன? 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்னும் சிற்றூரின் குடிநீர் ஏற்றுநிலையத்துப் பெட்டியைத் தாக்கினார்கள். அந்தப் பெட்டி இஸ்ரேலில் செய்யப்பட்டது என்பதைத் தவிர அவ்வூர் செய்த பாவம் ஒன்றுமில்லை. அடுத்த சில நாட்களில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேயோ பகுதியில், அதே வகைப் பெட்டி இருந்த காரணத்தால், நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இரண்டு நாட்கள் தண்ணீரின்றித் தவித்தன. அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு நிறுவனம் போட்டுக்கொடுத்த கடவுச்சொல்லே மாற்றப்படாமல் இருந்தது. அது யாதெனில், 1111. ஃபலஸ்தீன மக்களுக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். காஸாவில் தண்ணீரும் மின்சாரமும் மறுக்கப்பட்டதைக் கண்டு கொதித்தவர்கள் நாம். அதைக் காரணம் காட்டி ஒரு சிற்றூரின் தண்ணீரைத் தடுப்பது, நாம் எந்தச் செயலைக் கண்டிக்கிறோமோ அந்தச் செயலையே நம் பெயரால் செய்வதாகும். அதற்கு நம் பெயரைக் கொடுக்கமாட்டோம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். அணைகளையும் அணுமின் நிலையங்களையும் தாக்கி வெள்ளத்தையோ கதிர்வீச்சையோ மக்கள்மேல் ஏவக்கூடாதென்று 1977ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைத் துணைநெறிமுறை சொல்கிறது. அமெரிக்காவும் ஈரானும் அதில் கையொப்பமிட்டு உறுதிசெய்யாமல் நிற்கின்றன. இஸ்ரேலும் இந்தியாவும் அதில் சேரவே இல்லை. பிறகு 2015இல் ஐக்கிய நாடுகள் மன்றத்தின் வல்லுநர் குழு பதினொரு நெறிகளை வகுத்தது. மக்களுக்கு இன்றியமையாத அடிப்படை அமைப்புகளை வேண்டுமென்றே கெடுக்கும் கணிப்பொறிச் செயலை எந்த அரசும் செய்யலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பொதுச்சபை அவற்றை ஒருமனதாக வரவேற்றது. உக்ரைனின் மின்சாரம் முதன்முதலில் அணைந்ததும் அதே டிசம்பர் மாதத்தில்தான். அந்த நெறிகள் விரும்பினால் பின்பற்றத் தக்கவை, கட்டுப்படுத்துவன அல்ல. விரும்பினால் திருடாமல் இருக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டால் களவு நின்றுவிடுமா?

இன்னொரு கேட்டையும் சொல்லாமல் விட இயலாது. ஒரு கணிப்பொறி நிரலில் ஓட்டை இருப்பதை அரசு கண்டால், அதைச் செய்த நிறுவனத்துக்குச் சொல்லி அடைக்கச் செய்வது முறை. பெரிய அரசுகள் அப்படிச் செய்வதில்லை. ஆயுதமாகப் பயன்படுமே என்று பூட்டி வைத்துக்கொள்கின்றன. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவாண்மை விண்டோஸ் நிரலில் கண்ட ஓர் ஓட்டையைப் பல ஆண்டுகள் அவ்வாறு வைத்திருந்தது. களவுபோன அந்தச் சரக்கு 2017இல் சந்தைக்கு வந்தது. மே மாதத்தில் அதைக் கொண்டே பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல முடக்கப்பட்டன. அதைச் செய்தது வடகொரியா என்றார்கள். ஜூனில் அதே ஓட்டை வழியாக ரஷ்யப் படை உளவுத்துறையினர் உக்ரைன்மேல் ஏவிய நச்சுநிரல் உலகமெங்கும் பரவிக் கப்பல் துறைமுகங்களை நிறுத்தியது. செர்னோபிலில் கதிர்வீச்சை அளக்கும் கணிப்பொறிகள் நின்று, ஆட்கள் கருவியைக் கையிலேந்தி அளக்க நேர்ந்தது. உலகத்துக்கு நேர்ந்த இழப்பு ஆயிரம் கோடி டாலர் என்று அமெரிக்க அரசே மதிப்பிட்டது. தன் வீட்டுக் கிணற்றில் பிறருக்காக நஞ்சு சேமிப்பவர், தாமும் அந்த ஊரின் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்.

நம் மாநிலத்துக்கு இதனோடு தொடர்பில்லை என்று எண்ணவேண்டா. 2019 அக்டோபர் இறுதியில் கூடங்குளம் அணுமின் நிலையத்துக் கணிப்பொறியில் நச்சுநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. முதல் நாள் நிலையத்தின் அதிகாரி அதை மறுத்தார். மறுநாள் இந்திய அணுமின் கழகம், புகுந்தது உண்மையே, செப்டம்பர் 4 அன்றே தெரியவந்தது, நிர்வாக வேலைக்கான ஒரு கணிப்பொறியோடு அது நின்றது, உலையை இயக்கும் அமைப்பு தனி என்று அறிவித்தது. உலைக்கு ஊறு நேரவில்லை என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் தனி வலை என்னும் அந்த ஒரு சொல்லை மந்திரம்போல் ஓதி மக்களை உறங்கச் சொல்வதை ஏற்கமாட்டோம். நதன்ஸும் தனி வலைதான். தெரிந்து எட்டு வாரம் ஆன பின், செய்தி வெளியானதால் மட்டுமே வாய்திறந்து, அதிலும் முதலில் இல்லையென்று சொன்ன நிர்வாகத்தை இடிந்தகரை மக்கள் எதைக் கொண்டு நம்புவார்கள்?

தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை ஓர் அரசுக்கு இல்லையா, பகைவன் அணுகுண்டு செய்தால் பார்த்துக்கொண்டிருப்பதா என்று கேட்பவர்களை நாம் இகழவில்லை. அது பொறுப்பான கேள்வி. போர் என்று அறிவித்து, செய்தது நாமே என்று பெயர் சொல்லி, அதற்கான பழியையும் சட்டத்தையும் தாங்கும் அரசோடு வாதாட இடமுண்டு. சமாதான காலத்தில், பெயர் சொல்லாமல், தொழிலாளியின் திரையில் பொய்யை ஓட்டி, பாதுகாப்புப் பெட்டியின் கழுத்தை நெரிப்பவர்களோடு என்ன வாதம்?

நாம் கேட்பது மிகையன்று. உயிர்காக்கும் பாதுகாப்புப் பெட்டிகளையும், குடிநீரையும், மருத்துவமனைகளையும், அணு உலைகளையும் எந்த அரசின் நச்சுநிரலும் தொடலாகாதென்று கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும். இந்தியா அதைக் கேட்கும் நாடுகளின் முன்வரிசையில் நிற்கவேண்டும். அதற்குமுன் 1977ஆம் ஆண்டு நெறிமுறையில் கையொப்பமிட வேண்டும். கண்ட ஓட்டையை மறைத்து வைக்கும் அரசை, வெடிமருந்தை ஊருக்குள் பதுக்கியவரைப்போல் பொறுப்பாக்க வேண்டும். உடன்படிக்கையை மீறுவார்களே என்பர். மீறுவார்கள். நச்சுவாயுப் போரைத் தடுத்த உடன்படிக்கையையும் மீறியிருக்கிறார்கள். ஆயினும் மீறியவனைக் குற்றவாளி என்று அழைக்க அது நமக்கு ஒரு சொல்லைத் தந்தது. இன்று அந்தச் சொல்லும் இல்லை.

வளைகுடா ஆலைகளில் கருவிப் பகுதியிலும் மின்பகுதியிலும் வேலைபார்க்கும் நம் சகோதரர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. ராபிக் ஆலையின் பாதுகாப்புப் பெட்டிகளில் முகப்பிலேயே ஒரு சாவி உண்டு. புது நிரல் எழுதும்போது ஒரு நிலையிலும், வேலை முடிந்ததும் இயங்கும் நிலையிலும் அதைத் திருப்பி வைக்கவேண்டும். அங்கே அது எழுதும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அந்நியர் நிரல் உள்ளே போனது அதனால்தான். உங்கள் ஆலையில் அந்தச் சாவி இன்று எந்த நிலையில் இருக்கிறதென்று ஒருமுறை போய்ப் பாருங்கள். மேலாளர் சலித்துக்கொண்டாலும் பாருங்கள்.